ஒத்த ஆள் வரிசையும் பை பார்க்கிறவர்களும்

1. ஆர்ச்சைத் தாண்டி விழுந்த தண்ணீர்

மெயினருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தாண்டி விழுந்தால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். வேன் வேனாக வந்த கூட்டம் அப்போது எங்கே போகும்? பாதி புளியறைப் பக்கம் பரோட்டா தின்னப் போகும். மீதி இலஞ்சி விலக்குக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தீம் பார்க்குக்கு வரும். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வாரமே அப்படி ஒரு நாள் வந்தது.

அதற்கு முன்னால் நான் அரசு பஸ்ஸில் கண்டக்டர், பிறகு செக்கிங் இன்ஸ்பெக்டர். ரிட்டயர் ஆனபின் வீட்டில் மாடிப்படிகளையும் மாத்திரைகளையும் எண்ணிக்கொண்டிருந்தேன். "எண்ணுகதுக்கு எங்கயாச்சும் சம்பளம் தருவாகளான்னு பாருங்க" என்றாள் என் மனைவி. தந்தார்கள். படகு ரைடில் ஆட்களை எண்ணி ஏற்றுகிற வேலை.

ரைடு எளிமையானது. ஒரு படகில் முன்னால் இரண்டு சீட்டு, பின்னால் இரண்டு சீட்டு. பெல்ட் படகை உயரத்துக்கு இழுத்துப் போகும். அங்கிருந்து சறுக்கித் தொட்டிக்குள் விழும். ஏறுகிற மேடையை டாக் என்போம். ஆட்களை உட்கார வைத்து, மடிக்கு மேல் தடுக்கும் கம்பியான லேப் பாரை இறக்கி, இழுத்துப் பார்த்துவிட்டு, நான் "ரைட்" என்பேன். ஆபரேட்டர் இசக்கி பட்டனை அழுத்துவான். முதல் நாள் அவன் சிரித்தான். பஸ் பழக்கம், என்ன செய்ய?

அன்றைக்கு வரிசை கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போய்விட்டது. சாரல் வேறு. வரிசையில் நின்ற ஒரு பெரிய மனிதர் என்னைப் பார்த்துக் கத்தினார்.

"என்னவே, நாலு பேர் வண்டியில மூணு பேர ஏத்தி அனுப்புதீரு! ஒரு மணி நேரமா இங்கன நிக்கோம். அந்தக் காலி சீட்டுல யாரு, உம்ம மாமனாரா உக்காந்து வாராரு?"

வரிசையே சிரித்தது. அவர் சொன்னது நியாயம். அன்று மாலை வரை எண்ணினேன். பத்துப் படகு போனால் ஏழு சீட்டு காலியாகப் போயிற்று. மூன்று பேர் குடும்பம் ஒரு சீட்டை விடும். ஐந்து பேர் வந்தால் நால்வர் ஒரு படகில், மிச்சம் ஒருவர் தனிப் படகில். பஸ்ஸில் இப்படி ஓட்டியிருந்தால் எனக்கு மெமோ வந்திருக்கும். இரவு படுத்தால் காலி சீட்டுகள் கண்ணுக்குள் போய் வந்தன.

2. ஜெபா மேடம் சொன்ன வழி

எங்கள் மேனேஜர் ஜெபா பாளையங்கோட்டைப் பிள்ளை, என் மகள் வயது. சிங்கப்பூரில் ஒரு பெரிய பார்க்கில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். மறுநாள் காலையில் காலி சீட்டுக் கணக்கைச் சொன்னேன்.

"அங்கெல்லாம் சிங்கிள் ரைடர் லைன் உண்டு அண்ணாச்சி. தனியா ஏற சம்மதம்னா பக்கத்துல இருக்க குட்டி வரிசையில நிக்கலாம். எந்தப் படகுல ஒரு சீட்டு காலியோ அதுல உக்கார வெச்சிருவாங்க. அவங்களுக்கும் நேரம் மிச்சம், நமக்கும் சீட்டு நெறையும்."

"இதுக்கு சிங்கப்பூர் எதுக்கும்மா? தென்காசி பஸ் ஸ்டாண்டுல ஷேர் ஆட்டோக்காரன் 'ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு, ஏறுனா கெளம்பிரலாம்'னு கத்துதாம்லா, அதான் இது" என்றேன்.

அவருக்குப் பிடித்துவிட்டது. பைப் அடித்து டாக் வரைக்கும் ஒரு குறுகலான பாதை போட்டோம். போர்டில் 'ஒத்த ஆள் வரிசை' என்று எழுதினோம். கீழே இரண்டு விதி: யாரோடு வந்தாலும் தனியாகத்தான் ஏற வேண்டும்; காட்டுகிற சீட்டில் உட்கார வேண்டும்.

முதலாளிக்கு அந்த இடத்தின் மேல் வேறு யோசனை இருந்தது. ஜெபா ஒளிக்காமல் சொன்னார். "சீசன் முடியறதுக்குள்ள இது சரியா ஓடலேன்னா அங்க ஸ்வீட் கார்ன் கடை வெச்சிருவாங்க. டாக்குக்கு இசக்கி ஒருத்தன் போதும்னு சொல்லிட்டாங்க. நீங்க கேட்டுல டிக்கெட் கிழிக்கப் போகணும் அண்ணாச்சி."

டிக்கெட் கிழிப்பது எனக்குக் கேவலமில்லை. வாழ்நாள் முழுவதும் கிழித்தவன்தான். ஆனால் கேட்டில் நின்றால் காலி சீட்டு கண்ணில் படாது. எங்கோ காலியாகப் போய்க்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு மட்டும் இருக்கும். அதை என்னால் தாங்க முடியாது.

3. ஓடாத வரிசை

முதல் சனிக்கிழமை சங்கரன்கோவில் பக்கத்துப் பையன்கள் பதினோரு பேர் புது வரிசையில் வந்தார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். டாக்குக்கு வந்ததும் முதல் பையனை ஒரு படகில் உட்காரச் சொன்னேன்.

"மத்தவனுக?"

"அடுத்தடுத்த படகுல வருவாங்க தம்பி. போர்டுல எழுதியிருக்கே."

"எதுக்கு? நாங்க ஒண்ணா வந்திருக்கோம்லா அண்ணாச்சி. ஒண்ணாத்தான் கத்துவோம்."

"அப்போ பெரிய வரிசைக்குப் போங்க."

"அது ரொம்ப நீளமா இருக்கு. இது காலியா இருந்துச்சு, வந்தோம்."

பதினோரு பேரும் பைப்பைப் பிடித்துக்கொண்டு நகரவில்லை. பெரிய வரிசையில் நின்றவர்கள் விசிலடித்தார்கள். கடைசியில் இசக்கி, "ஏலே, இப்ப எறங்குதியளா, கரண்ட்ட ஆஃப் பண்ணவா?" என்று மிரட்டித்தான் வெளியேற்றினான்.

அடுத்த வாரம் தனியாக ஏறச் சம்மதித்து ஓர் இளைஞன் வந்தான். தங்கமான பிள்ளை. ஒரு கணவன், மனைவி, குழந்தை இருந்த படகில் உட்காரப் போனான். கணவர் எழுந்துவிட்டார்.

"யாரு எவர்னு தெரியாத ஆள எங்க கூட உக்கார வைக்கியளே, நல்லா இருக்கா அண்ணாச்சி?"

பையன் முகம் சுருங்கிப் போனது. "வேண்டாம் சார், நான் போறேன்" என்று இறங்கியே போய்விட்டான். தவறு என்னுடையது. பஸ்ஸில் லேடீஸ் பக்கத்தில் லேடீஸைத்தான் உட்கார வைப்பேன். இது மேனேஜ்மென்ட் போட்ட புது வரிசைதானே என்று பழைய பாடத்தை மறந்துவிட்டேன். அருவியிலேயே ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம் இருக்கிறது. அதே போல வரிசையையும் நடுவில் கயிறு கட்டிப் பிரித்தேன். ஆண்கள் பக்கம் நாளைக்கு நாலைந்து வேன் டிரைவர்கள் வந்தார்கள். பெண்கள் பக்கம் ஒருவரும் வரவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் எந்தப் பெண் தனியாகத் தீம் பார்க்குக்கு வருகிறாள்?

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு வந்தது. "இன்னிக்குச் சாயங்காலம் கடைக்கு அளவெடுக்க வர்றாங்க" என்று ஜெபா சொல்லிவிட்டுப் போனார்.

4. வேப்பமரத்தடி பெஞ்சு

அன்று மத்தியானம் இசக்கியிடம் டாக்கைக் கொடுத்துவிட்டு மாத்திரை போட வெளியே வந்தேன். டாக்கிலிருந்து கூப்பிடு தூரத்தில், ரைடு முடிந்து வருகிற வழியில், ஒரு வேப்பமரம் நிற்கிறது. அதன் கீழே சிமென்ட் பெஞ்சு. அதில் ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மா, ஒன்பது பைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். சோற்றுத் தூக்கு, ஈரத்துணி மூட்டை, அடுக்கி வைத்த செருப்புகள், மடியில் ஆறு செல்போன். எதிரே சுவரில் ஒரு குரங்கு.

பார்க்கில் லாக்கர் இருக்கிறது. ஆனால் ஈரத்துணியையும் சோற்றுத் தூக்கையும் யார் லாக்கரில் வைப்பார்கள்? வெளியே வைத்தால் குரங்கு விடாது. அதனால் ஒவ்வொரு வேனிலும் பை பார்க்க ஒரு ஆள் உண்டு.

"நீங்க ரைடு ஏறலையாம்மா?" என்று கேட்டேன்.

"நான் ஏறுனா இத யாரு பாப்பா? அந்தக் கொரங்கப் பாருங்க, கடன்காரன் மாதிரி உக்காந்திருக்கு."

"வீட்டு ஆளுக வந்த பெறவு ஏறலாம்லா?"

"அவுக வந்ததும் பசி பசின்னு பறப்பாக. எனக்கு ஒருத்திக்காக இன்னொரு மணி நேரம் வேன நிப்பாட்டுவாகளா? வாசுதேவநல்லூர்ல இருந்து வருசா வருசம் வாரோம். வருசா வருசம் இதே பெஞ்சுதான். மேல இருந்து விழும்போது கத்துதாகல்லா, அத இங்கன இருந்து கேட்டுக்கிடுவேன்."

"ஏற ஆசை இருக்கா?"

"ஆசை இல்லாமலா ஒவ்வொரு படகா பாத்துகிட்டு இருக்கேன்?"

அப்போதுதான் சுற்றிலும் பார்த்தேன். அந்தப் பெஞ்சு, அடுத்த பெஞ்சு, ஐஸ்கிரீம் கடை ஓரம், செருப்பு விடும் இடம் எல்லாம் எண்ணினேன். இருபத்து மூன்று பேர். இருபது பேர் பெண்கள். எல்லாரும் பைகளோடு, தனித்தனியாக. சீசன் முழுக்க நான் தேடிக்கொண்டிருந்த ஒத்த ஆட்கள்.

"யாரோ ஒரு குடும்பத்தோட உக்காரணும். போவியளா? உங்க வீட்டு ஆளுக கூட இருக்க மாட்டாங்க."

"பொம்பளப் பிள்ள பக்கத்துல உக்கார வைங்க, போதும். வீட்டு ஆளுக கூடத்தான் எப்பவும் இருக்கேனே!"

அவர் பெயர் செல்வக்கனி. பைகளையும் போன்களையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி, ஒத்த ஆள் வரிசையில் பெண்கள் பக்கம் அவரை அனுப்பினேன். அவருக்கு முன்னால் யாருமே இல்லை. இரண்டாவது படகிலேயே இடம் கிடைத்தது. கேரளத்துக் குடும்பம் ஒன்று, அப்பா, அம்மா, ஒரு சின்னப் பெண். "வா சேச்சி, இவிட இரி" என்று அந்த அம்மாவே கைகொடுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாராம். இசக்கி பிறகு சொன்னான்.

நான் பைகளை எண்ணினேன். ஒன்பது. மறுபடி எண்ணினேன். ஒன்பது. படகு உச்சிக்குப் போய் நின்றதை அண்ணாந்து பார்த்தேன். படகு விழுந்தது. அதில் ஒரு குரல் மட்டும் தனியாகத் தெரிந்தது. பல வருடத்தைச் சேர்த்து வைத்துக் கத்திய குரல். கீழே பார்த்தால் எட்டுப் பை.

குரங்கு வேப்பமரத்தின் மேல் இருந்தது.

மிச்சம் எட்டையும் காலுக்கு நடுவே இழுத்து வைத்துக்கொண்டேன். எந்தப் பை, அதில் நகை கிகை இருந்ததோ என்று பதறிக்கொண்டிருக்கும்போதே செல்வக்கனி நனைந்து சொட்டச் சொட்ட வந்தார். மற்ற ரைடு முடித்து அவர் வீட்டு ஆட்களும் அதே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள்.

"ஏட்டி, எங்கன போன? பையெல்லாம் எங்க?" இது கணவர்.

"பை அண்ணாச்சிகிட்ட இருக்கு. நேந்திரங்கா சிப்ஸ் மட்டும் கொரங்குகிட்ட இருக்கு. அய்யோ, வயிறு வாய்க்கு வந்துட்டு! நான் ஏறிட்டேன்!"

கணவர் மனைவியையும் குரங்கையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "நல்லா நனஞ்சிட்ட போ" என்று தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கொடுத்தார்.

5. பின்னால் நிற்பவர் பொறுப்பு

திரும்பினால் அடுத்த பெஞ்சுப் பெண்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு வந்து என் காலடியில் வைத்தார்கள்.

"எங்களயும் ஏத்தி விடுவியளா அண்ணாச்சி?"

எட்டுப் பைக்கே எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறியிருந்தது. அதனால் ஒரு விதி போட்டேன். ஏறுகிறவரின் பைக்கு, அவருக்குப் பின்னால் நிற்பவர் பொறுப்பு. அவர் ஏறும்போது அடுத்தவர் பொறுப்பு. இறங்கி வந்தவர் பையை எடுத்துக்கொண்டு போகலாம். கடைசியில் நிற்பவருக்கு யார் என்று ஒரு அம்மா கேட்டார். அதற்குள் அவருக்குப் பின்னால் இரண்டு பேர் வந்து நின்றுவிட்டார்கள்.

பை மட்டுமில்லை. கைக்குழந்தைகளும் கை மாறின. தென்காசிக் குழந்தை ஆலங்குளத்து ஆச்சி இடுப்பில் இருந்தது. யாரும் பதறவில்லை, என்னைத் தவிர. படகுகள் நிறைந்து நிறைந்து போயின. பெரிய வரிசையும் கேட்டுக்கு உள்ளே வந்துவிட்டது. பெண்கள் இருக்கும் படகில் பெண் ஏறுவதால் ஒரு கணவரும் எழுந்திருக்கவில்லை.

நாலு மணிக்கு ஜெபா மேடம் அளவெடுக்கும் ஆளோடு வந்தார். ஒத்த ஆள் வரிசையில் அந்த ஆளுக்கு டேப்பை நீட்ட இடமில்லை.

"என்ன அண்ணாச்சி இது?"

"சிங்கிள் ரைடர் லைன்ம்மா."

அவர் பைக் குவியலையும் கை மாறும் குழந்தைகளையும் பார்த்தார். "எங்க அம்மாவும் பை பாத்துகிட்டேதான் இருப்பாங்க" என்றார். பிறகு முதலாளிக்குப் போன் போட்டார். ஸ்வீட் கார்ன் கடை வேப்பமரத்தடிக்குப் போனது. அங்கேதான் இப்போது நன்றாக ஓடுகிறது.

செல்வக்கனி குடும்பம் பெஞ்சில் சாப்பிட்டு முடித்துக் கிளம்பும்போது அவர் என்னிடம் வந்தார்.

"நீங்க இதுல ஏறியிருக்கியளா அண்ணாச்சி?"

"இல்லம்மா. வேலை இருக்குல்லா." தோளில் என் பழைய கண்டக்டர் பை தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே மாத்திரை, கண்ணாடிக் கூடு, விசில்.

"அந்தப் பைய இங்கன தாங்க. நான் பாத்துக்கிடுதேன். வேன் நிக்கட்டும், ஒருநாளாச்சும் எனக்காக நிக்கட்டும்."

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். வரிசையில் நிற்பவர்களை எண்ணுவது எளிது. காலி சீட்டை எண்ணுவதும் எளிது. இரண்டிலும் சேராமல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களையும் எண்ணுங்கள். அவர்களிடம் போய் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அன்று பையைச் செல்வக்கனியிடம் கொடுத்துவிட்டு நான் ஆண்கள் பக்கம் போய் நின்றேன். மூன்று கல்லூரிப் பையன்கள் இருந்த படகில் எனக்கு இடம் கிடைத்தது. லேப் பாரை நானே இரண்டு முறை இழுத்துப் பார்த்துக்கொண்டேன். நாலு சீட்டு, நாலு ஆள். டாக்கில் இசக்கி சத்தமாகச் சொன்னான்:

"ரைட்!"