ஒருத்தி திரும்பினால் இன்னொருத்தி

அந்தத் தெருவில் அவளுக்குக் காஜாக்கா என்றுதான் பெயர். சட்டைகளுக்குக் காஜா, அதாவது பொத்தான் துளை, தைப்பது அவள் தொழில். வீட்டின் முன்னறைதான் தையல்கூடம். வெட்டுமேசை கணவனுக்கு, காஜா மெஷின் அவளுக்கு, வாசலோரத்து நாற்காலி மாமியாருக்கு. அங்கே உட்கார்ந்தபடியே மாமியார் சட்டைப் பிசிரையும் மருமகள் மானத்தையும் ஒரே கத்தரியால் வெட்டுவாள்.

பன்னிரண்டு வயதில் அவள் இந்த வீட்டுக்கு வந்தாள். வந்தாள் என்பதுகூடத் தப்பு, கொடுத்துவிட்டார்கள். அவள் அண்ணனுக்கு எங்கேயும் பெண் அமையவில்லை. இந்த வீட்டில் ஒரு பெண் இருந்தாள். "எங்க பொண்ணு வேணும்னா உங்க பொண்ணைக் குடுங்க" என்றார்கள். அவ்வளவுதான். ஒரே காலையில் இவள் இந்த வாசலில் இறங்க, அவள் அந்த வாசலில் இறங்கினாள். இந்தக் கொடுக்கல் வாங்கலில் முறையே குழம்பிப்போய், இன்றைக்கும் இரண்டு பேரும் ஒருவரையொருவர் அண்ணி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

இப்படி மாற்றிக்கொண்ட குடும்பங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. ஒருத்தி பிறந்த வீட்டுக்குத் திரும்பினால் இன்னொருத்தியும் திரும்பியாக வேண்டும். காஜாக்கா எப்போது கண்ணைக் கசக்கினாலும் மாமியார் அதைத்தான் எடுத்து வீசுவாள்.

"போயேண்டி உன் அண்ணன் வீட்டுக்கு! யாரு பிடிச்சு வச்சிருக்கா? நீ அங்க காலை வச்ச மறுநிமிஷம் என் பொண்ணு இங்க வந்துடுவா. உன் அண்ணன் பிள்ளைங்க அம்மா அம்மான்னு கதறட்டும்."

அந்தப் பிள்ளைகளின் முகம் கண்ணுக்குள் வரும். தொண்டைக்கு வந்ததை விழுங்கிக்கொண்டு மெஷினில் உட்கார்ந்துவிடுவாள். எத்தனை வருஷம் அப்படி விழுங்கினாள் என்பது அந்த மெஷினுக்குத்தான் தெரியும்.

கொழுந்தனுக்கு முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. தூங்கி எழுவதும் எழுந்து தூங்குவதும் தவிர அவனுக்கு வேறு வேலை கிடையாது. அவனுக்கும் பெண் தர ஒருவர் முன்வந்தார், மரக்கடைக்காரர். ஆனால் பதிலுக்குத் தன் மகனுக்கு ஒரு பெண் கேட்டார். இந்த வீட்டில் பெண் என்று இருந்தது காஜாக்காவின் மகள் மட்டும்தான். எட்டாம் வகுப்பு. இன்னும் தானாகத் தலைபின்னத் தெரியாது.

அம்மாக்காரியிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மரக்கடைக்காரரின் மனைவி வந்து, பிள்ளையின் கையைப் புரட்டிப் பார்த்து, பல்லைக் காட்டச் சொன்னபோதுதான் அவளுக்குப் பொறி தட்டியது.

"என்ன அத்தை இது? மாடு பிடிக்க வந்த மாதிரி பல்லைப் பார்க்கிறாங்க?"

"உன் பல்லையும் பார்த்துத்தான் எடுத்தேன். அப்பவே நாக்கையும் பார்த்திருக்கணும்."

வந்தவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். காஜாக்கா கணவன் பக்கம் திரும்பினாள். "ஏங்க, நீங்களாவது வாயைத் திறங்க. படிக்கிற பிள்ளை அவ."

அவன் வெட்டிய துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "படிச்சுட்டும் பொத்தான்தானே தைக்கப்போறா? தம்பிக்கும் ஒரு வழி பண்ண வேண்டாமா?"

"அண்ணி, என் பொழப்புல மண்ணை அள்ளிப் போடாதீங்க" என்று கொழுந்தன் குறுக்கே வந்தான்.

"எதுப்பா உன் பொழப்பு? எடுத்துக் காட்டு. மண்ணு விழாம மூடி வைக்கிறேன்."

அவன் கை ஓங்கினான். அவள் நகரவில்லை. ஓங்கிய கை சட்டைக் குவியலைத் தட்டிவிட்டுப் போனது. மூலையில் நின்ற மகள் அழுதுகொண்டே ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடித்தாள். தாய் அந்த மடிப்பைப் பார்த்தாள். இந்த வீட்டுக்கு வந்த முதல் நாள் அவளும் அப்படித்தான் மடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடி, நடந்ததைச் சொன்னாள். அங்கே தலைமை டீச்சருக்கு இனிமையாகப் பேச வராது.

"ஹாஸ்டல்ல இடம் இருக்கு. சோறு, துணி, புத்தகம் எல்லாம் அங்கேயே குடுத்துடுவாங்க. ஆனா உங்க வீட்டு ஆளுங்க தினமும் கேட்டுல வந்து இழுத்தா நான் எத்தனை நாள் மல்லுக்கட்ட முடியும்? வீட்டுச் சண்டையை வீட்டுலயே முடிச்சுட்டு வாங்க. என் முன்னாடி அழாதீங்க."

"நான் அழலையே டீச்சர்."

"அப்ப சரி. ரெண்டு நாளைக்குப் பிள்ளை என்கிட்டயே இருக்கட்டும்."

வீட்டுக்குத் திரும்பிய காஜாக்கா மெஷினிலிருந்து ஊசியைக் கழற்றினாள். அதைச் சின்ன டப்பாவில் போட்டு, டப்பாவைத் துணிப்பெட்டியில் வைத்தாள்.

"எங்கடி கிளம்பிட்ட?"

"அண்ணன் வீட்டுக்கு. நீங்கதானே அத்தை, நாளெல்லாம் போ போன்னு சொல்றீங்க?"

அண்ணன் வீட்டுக் கதவைத் திறந்த அண்ணியின் முகம் பெட்டியைப் பார்த்ததும் வெளுத்தது. அவள் முதுகுக்குப் பின்னால் பிள்ளைகள் எட்டிப் பார்த்தன.

"திரும்பி வந்துட்டேன் அண்ணி."

"நீ திரும்பினா நானும் திரும்பணும். புரிஞ்சுதான் வந்தியா?"

"புரிஞ்சுதான் வந்தேன். கொழுந்தனுக்குப் பொண்ணு எடுக்க என் மகளைப் பதிலுக்குக் குடுக்கப் பார்க்கிறாங்க."

"பாவி! என் பிள்ளைங்க என்ன பண்ணும்?"

"உங்க பிள்ளைங்களை நினைச்சுத்தான் இத்தனை வருஷம் வாயை மூடிட்டு இருந்தேன். இன்னைக்கு என் பிள்ளையை நினைச்சேன்."

பளாரென்று ஓர் அறை விழுந்தது. காஜாக்கா கன்னத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பெட்டியை உள்ளே வைத்துவிட்டுக் கடைக்குட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் பறந்தாள்.

அவள் கத்தியதில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

"அந்தச் சோம்பேறிக்குப் பொண்டாட்டி வேணும்னு என் பிள்ளைங்களை அநாதையாக்கப் பார்க்கிறியா? நானும் உன் வயித்துல பொறந்தவதானேம்மா?"

"சும்மா மிரட்டுறாடி. பொழுது சாயறதுக்குள்ள வந்து நிப்பா பாரு."

"மெஷினைப் பாரும்மா. ஊசியையும் எடுத்துட்டுப் போயிட்டா!"

மாமியார் பார்த்தாள். காய்ச்சலில் படுத்தபோதுகூட மருமகள் அந்த ஊசியைக் கழற்றியதில்லை. மாமியார் கையிலிருந்த கத்தரி மடியில் விழுந்தது. போ போ என்று வாய் ஓயாமல் சொன்னவளுக்கு, மருமகள் போனால் யார் வந்து நிற்பாள் என்பது அப்போதுதான் உறைத்தது. மரக்கடைக்காரருக்கு அன்றைக்கே ஆள் போனது, ஏற்பாடு வேண்டாம் என்று.

காஜாக்கா திரும்பி வந்து வாசல் ஏறியபோது மாமியார் சொன்னாள்: "உன் பொண்ணு படிச்சுத் தொலையட்டும். ஆனா இனிமே உன் கையால ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேன்."

சொன்னபடியே கடைசி மூச்சு வரைக்கும் குடிக்கவில்லை. வீட்டில் அடுப்பு இரண்டானது. கணவன் சட்டை அளவைத் தவிர வேறு பேச்சு பேசுவதில்லை. கொழுந்தன் கோபம் வந்தபோதெல்லாம் மெஷின் பெல்ட்டை அறுத்துவைத்தான். அவள் புது பெல்ட் ஒன்றைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினாள்.

அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்த அன்று, மகளை ஹாஸ்டலில் விட வந்தவள் கேட்டருகே திகைத்து நின்றாள். அண்ணி நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய இரண்டாவது பெண், காலடியில் ஒரு தகரப்பெட்டி.

"என்ன அண்ணி, இங்க?"

"உன்னைப் பார்த்து ஒண்ணும் வரலை. என்கிட்ட பேசாதே."

வரிசை நகர்ந்தது. அண்ணி பெட்டியைத் தனியாகத் தூக்கிப் பார்த்தாள். முடியவில்லை. திரும்பாமலே உறுமினாள்.

"அந்தப் பக்கம் பிடி."

"பேசாதேன்னு சொன்னீங்களே?"

"பிடின்னுதானே சொன்னேன். பேசச் சொன்னேனா?"

காஜாக்கா பிடித்தாள்.