ஜெயப்பிரியா பேசாத ஐந்து வாரம்

ஜெயப்பிரியாவுக்குப் பேசுவதுதான் வேலை. மல்லசமுத்திரம் பக்கம் ஒரு கல்லூரி நடத்தும் சமுதாய வானொலியில், காலை பதினொரு மணி நிகழ்ச்சி ஒன்பது வருடமாக அவருடையது. சூரமங்கலத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். பதினைந்து கிலோமீட்டர் தாண்டினால் அந்த அலைவரிசை வெறும் இரைச்சல். ஆனால் அந்த வட்டத்துக்குள் இருந்த விசைத்தறிக் கூடங்களிலும் கோழிப் பண்ணைகளிலும் அவர் குரலை அறியாதவர்கள் குறைவு.

இது அவருக்கே வெகுகாலம் தெரியாது. கேட்பவர்கள் கடிதம் எழுதுவது நின்றுபோயிருந்தது. சுவரைப் பார்த்துப் பேசுகிற மாதிரி இருக்கும். ஃபேஸ்புக்கில் நிகழ்ச்சிக்கு ஒரு பக்கம் தொடங்கி, தினமும் ரோஜாப் படத்தோடு காலை வணக்கம் போட்டுப் பார்த்தார். பதினேழு பேர் லைக் போட்டார்கள். அதில் பதினொரு பேர் சொந்தக்காரர்கள்.

ஒருநாள் நிலையத்துக்கு ஒரு போன். தறி ஓட்டும் சுப்பம்மாள் பேசினார்.

“ஏனுங்க, அந்தப் பூப்படத்த வெச்சு நாங்க என்னங்க பண்றது? எதாச்சும் கேளுங்க, பதில் சொல்றமுங்க. எனக்கு எழுத வராது. வாயில சொன்னா ஆகுமுங்களா?”

“ஆகுமுங்க” என்றார் ஜெயப்பிரியா.

மறுநாளே ஒரு வாட்ஸ்அப் எண்ணை அறிவித்தார். தினம் காலையில் அதில் ஒரு கேள்வி போடுவார். உங்க ஊட்டுல இன்னைக்கு என்ன குழம்பு? கடைசியா யாருகிட்ட கோவிச்சுக்கிட்டீங்க? குரல் பதிவுகள் வர ஆரம்பித்தன. அனுப்பியவர் பெயரை நிகழ்ச்சியில் சொல்வார். தனியாகவும் ஒரு வரி பதில் போடுவார். அந்த ஒரு வரிக்காகத்தான் ஜனங்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்பது போகப்போகப் புரிந்தது. நிகழ்ச்சியைத் துண்டு துண்டாக ஃபேஸ்புக் பக்கத்தில் ஏற்றவும் செய்தார். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு சத்தீஸ்கர் போயிருந்த கந்தவேலுக்கு, அவர் மனைவி வசந்தாமணி அவற்றை அனுப்பிவைப்பார்.

போன ஆடியில் தொண்டை கம்மியது. மழைச்சளி என்று நினைத்தார். சேலத்தில் டாக்டர் பார்த்துவிட்டு, குரல்நாணில் சின்னதாக முடிச்சு விழுந்திருப்பதாகச் சொன்னார்.

“அஞ்சு வாரம் வாயே திறக்கக் கூடாதும்மா. கிசுகிசுன்னுகூடப் பேசக் கூடாது.”

நிலையப் பொறுப்பாளர் குருமூர்த்தி நல்லவர். “பாட்டுப் போட்டு ஓட்டிக்கலாம்மா. நீங்க உடம்பப் பாருங்க” என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். ஆனாலும் பஸ்ஸில் உட்கார்ந்தபோது ஜெயப்பிரியாவுக்குக் கண் கலங்கியது. பேசாதவளை எத்தனை நாள் நினைவில் வைத்திருப்பார்கள்?

வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்துத் தட்டினார்: ‘டாக்டர் அஞ்சு வாரம் என்னைப் பேசக் கூடாதுன்னு சொல்லிட்டார். அதுவரைக்கும் நீங்க பேசுங்க, நான் கேக்கறேன்.’

மறுநாள் காலைக்குள் அறுபத்தொரு குரல் பதிவுகள். மேட்டூர் அணையில் மீன் பிடித்துக்கொண்டு, நிகழ்ச்சியை ஃபேஸ்புக்கில் கேட்கும் சின்னண்ணன், வலையில் சிக்கிய ஆமையைத் திரும்பத் தண்ணீரில் விட்ட கதையைச் சொல்லியிருந்தார். சுப்பம்மாள் தறிக்கூடத்தில் இருந்தபடியே பேசியிருந்தார். “சாமி, நீ கம்முனு இரு. இத்தனை நாளு எங்களுக்காகப் பேசுன. இப்ப நாங்க பாத்துக்கறோம்.” கந்தவேலின் பதிவு இந்தியில் தொடங்கியது, ரிக் வண்டிச் சமையல்காரரிடம் அந்த மொழியில் ஏதோ கத்திவிட்டு அவர் தமிழுக்கு வந்தார்.

நிலையத்தில் அவற்றைக் கேட்டுவிட்டு குருமூர்த்தி ஹெட்போனைக் கழற்றினார். “தறிச் சத்தம் ரொம்பக் கேக்குதேம்மா. ஒலிபரப்புக்கு ஆகுமா?”

ஜெயப்பிரியா ஒரு தாளில் எழுதி நீட்டினார்: ‘அந்தச் சத்தத்துலதான் சார் அவங்க நம்மளக் கேக்கறாங்க.’

குருமூர்த்தி அதை இரண்டு தடவை படித்தார். பிறகு பதிவுகளை அப்படியே ஒலிபரப்பினார்.

ஐந்து வாரமும் நிகழ்ச்சி ஒருநாள்கூட நிற்கவில்லை. கேள்வியை ஜெயப்பிரியா தட்டுவார், குருமூர்த்தி படிப்பார், ஊர் பதில் சொல்லும். ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்து, தன் நிகழ்ச்சியை முதல்முறையாகக் கேட்பவராகக் கேட்டார் அவர். எதிரில் சுவர் இல்லை, இத்தனை பேர் இருந்திருக்கிறார்கள் என்று நினைக்க நினைக்க நெஞ்சு நிறைந்தது. குரல் அனுப்பியவர்களின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். இருநூற்றுப் பன்னிரண்டு.

டாக்டர் அனுமதித்ததும் மைக் முன்னால் உட்கார்ந்தார். குரல் கொஞ்சம் மெலிந்திருந்தது. வேறெதுவும் பேசாமல் பெயர்களைப் படிக்க ஆரம்பித்தார். பத்துப் பெயருக்கு ஒருமுறை வெந்நீர் குடித்தார். படித்து முடிக்க மூன்று நாள் நிகழ்ச்சி ஆனது.

இப்போது வியாழக்கிழமைகளில் அந்த அரைமணி நிகழ்ச்சி சுப்பம்மாளுடையது. தறியை நிறுத்தாமலே போனில் பேசி அனுப்புகிறார். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “ஜெயப்பிரியாம்மா, வெந்நி குடிச்சீங்களா?”