பொக்கை முதலையின் கை

பல் இல்லாத முதலை ஒன்று முப்பது வருடத்துக்கும் மேலாகக் குழந்தைகளோடு பேசிக்கொண்டிருந்தது. பச்சைத் துணி உடம்பு, பொத்தான் கண், உள்ளே சிவப்பு வெல்வெட் வைத்துத் தைத்த பெரிய வாய். பெயர் பொக்கை. சாயங்காலம் ஐந்து மணிக்குத் தொலைக்காட்சியில் அது மேசைக்குப் பின்னாலிருந்து தலையைத் தூக்கினால் போதும், தெருவில் விளையாடுகிற பிள்ளைகள் கழற்றிப் போட்ட செருப்பைக்கூடத் தேடாமல் வீட்டுக்குள் ஓடும். அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. இன்னும் எங்காவது நாலு பேர் உட்கார்ந்தால் பொக்கையின் பேச்சு வராமல் இருக்காது. ஆனால் அதற்குள் யார் கை இருந்தது என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கு ஆள் முழிப்பார்கள்.

பின்னால் கைக்காரம்மா என்று பெயர் வாங்கிய அவள் அந்தத் தொலைக்காட்சி நிலையத்துக்குத் தையல் வேலைக்குத்தான் வந்தாள். ஒருநாள் பொக்கையின் வாயோரம் பிரிந்துவிட்டது என்று ஊசியும் கையுமாக அவளைக் கூப்பிட்டார்கள். அதை ஆட்டிக்கொண்டிருந்தவன் அதற்குள் கோபித்துக்கொண்டு போயிருந்தான். "கொஞ்ச நேரம் பிடிச்சுக்கோம்மா" என்று அவள் கையில் மாட்டிவிட்டார்கள். பிடித்துக்கொள்ளச் சொன்னவர்கள் திரும்பி வாங்கிக்கொள்ளவே இல்லை.

வேலை சொகுசானது என்று நினைத்துவிட வேண்டாம். சக்கரம் வைத்த பலகையில் மேசைக்கடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, வலது கையை மட்டும் மேலே நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கால்மாட்டில் மேலே நடப்பதைக் காட்ட ஒரு சின்னத் திரை, காதில் ஹெட்போன். வருடம் போகப் போக அவளுடைய வலது தோள் இடது தோளைவிட உயர்ந்துவிட்டது. ரவிக்கையை அதற்குத் தக்கபடி அவளே வெட்டித் தைத்துக்கொண்டாள். டிவியில் வேலை என்று சொன்னதை நம்பி அக்கம்பக்கத்துப் பெண்கள் கொஞ்ச நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்கள். இவள் முகம் வந்தபாடில்லை. பெருக்கித் துடைக்கிற வேலையாக இருக்கும், பீற்றிக்கொள்கிறாள் என்று முடிவு கட்டினார்கள். அவள் மறுத்துப் பேசவில்லை. வீட்டில் படுக்கையோடு கிடந்த அம்மாவைப் பார்த்துக்கொள்வதற்கே பொழுது சரியாக இருந்தது, கல்யாணத்துக்கே நேரமில்லாதவளுக்கு வாய்ச்சண்டைக்கு எங்கே நேரம்.

பொக்கையின் குரல் அவளுடையது அல்ல. அது சுவருக்கு அந்தப் பக்கம், ஒரு சின்ன அறையில் மைக்கின் முன்னால் உட்கார்ந்திருந்த மனிதருடையது. எல்லோரும் அவரைக் குரல் சார் என்பார்கள். சின்ன வயதில் முறிந்து சரியாகச் சேராத முழங்கை அவருக்கு, பொம்மையைத் தூக்க வராது. அவளுக்கோ தகரத்தைத் தேய்த்த மாதிரித் தொண்டை. "நமக்கு ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு முதலைதான்" என்பார் அவர். அவளைக் கை என்றுதான் கூப்பிடுவார். அவள் கடைசிவரைக்கும் சார் என்றாள்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. மனிதர் எழுதிக் கொடுத்ததைப் பேசுகிற ஆளே இல்லை, நினைத்ததைப் பேசுவார், நினைத்த இடத்தில் நிறுத்துவார். நிகழ்ச்சியோ நேரடி ஒளிபரப்பு. அவர் எப்போது வாயைத் திறப்பார் என்று பார்க்க முடியாத ஒருத்தி, பொக்கையின் வாயைச் சரியாகத் திறக்க வேண்டும். அவளைக் காப்பாற்றியது அவருடைய மூச்சு. பேசுவதற்கு முன்னால் அவர் நெஞ்சில் ஒரு சின்ன விசில் கேட்கும், அவருக்குக் கொஞ்சம் வீசிங். விசில் வந்தால் வாயைத் திற, அவ்வளவுதான் வித்தை. முப்பது வருடம் அவள் அந்த மூச்சைத்தான் கேட்டாள்.

நிகழ்ச்சியின் முடிவில் பொக்கை தினமும் ஒரு கேள்வி கேட்கும். "இன்னைக்கு என்ன சாப்பிட்ட, சொல்லு?" கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கும். தலையை மட்டும் ஆட்டும், பதிலைக் கேட்டுக்கொள்கிற மாதிரி. வீட்டுக்கு வீடு பிள்ளைகள் தொண்டை கிழியப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிற அந்த நேரத்தில், சுவருக்கு இரண்டு பக்கமும் இவர்கள் இருவர் மட்டும் சும்மா இருந்தார்கள். அவள் காதில் அவர் மூச்சு விட்டுக்கொண்டிருப்பார். பிறகு, "அப்படியா! சரி சரி. நாளைக்கும் வந்து சொல்லு, என்ன?" விளக்கு அணைந்ததும் ஹெட்போனில் அவளுக்கு மட்டும் ஒன்று சொல்வார்: "இறக்கிக்கோ கை." அதற்குப் பிறகுதான் அவள் கையை இறக்குவாள்.

வேலைக்கு வெளியே அவர்கள் பேசிக்கொண்டதை எல்லாம் சேர்த்தாலும் ஒரு நாள் நிகழ்ச்சிக்குத் தேறாது. அவருக்கு மனைவி மக்கள் இருந்தார்கள், பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுவார். அவளுக்கு அவரைப் பிடித்திருந்தது. அதற்கு என்ன பெயர் என்று அவள் யோசித்துப் பார்த்ததில்லை, யோசித்திருந்தால் பயந்திருப்பாள்.

அம்மா போய்ச் சேர்ந்து சில வருடங்கள் கழித்து அந்த மூச்சு மாறியது. விசிலுக்குப் பின்னால் வேறு ஏதோ கரகரத்தது. அவள் ஒருநாள் அவர் அறை வாசலில் போய் நின்றாள்.

"சார், மூச்சு முன்ன மாதிரி இல்ல. டாக்டர்கிட்ட காட்டுங்க."

"என் வீட்டுல ஒருத்தருக்கும் கேக்கல. உனக்குக் கேட்டுடுச்சா கை?" என்று சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே இருமலாகிவிட்டது.

டாக்டரிடம் போகத்தான் செய்தார். போனபோது செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. சாவு வீட்டில் அவள் பின்வரிசையில் நின்றாள். நீங்கள் யார் என்று அவருடைய மகள் கேட்டதற்கு, கூட வேலை பார்த்தவள் என்றாள். தன் அப்பாவின் கை இவள்தான் என்று அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்?

பொக்கை இல்லாமல் நிகழ்ச்சி கொஞ்ச நாள் நொண்டியடித்தது. பிறகு மேலிடத்துப் புத்திசாலிகள் அதை நிறுத்திவிட முடிவு செய்தார்கள். கடைசி நாளன்று பொக்கை ஒரே ஒரு தடவை வந்து விடைபெற வேண்டும் என்றார்கள். குரலுக்குப் பழைய பதிவு இருக்கிறதாம். அந்தக் காலத்தில் ஒரே நாடாவில் திரும்பத் திரும்பப் பதிவார்கள், ஏறக்குறைய எல்லாமே அழிந்துபோயிருந்தது. உருப்படியாகத் தப்பியது ஒன்றுதான். அதில் நிகழ்ச்சி முடிவில் அவர் கேட்கிற அந்தக் கேள்வியும் இருந்தது.

கைக்காரம்மாவுக்கு ராத்தூக்கம் போயிற்று. அவருடைய கடைசி நிகழ்ச்சி பாதியில் நின்று போனது, இருமல் வந்து பாட்டைப் போட்டு ஒப்பேற்றினார்கள். இந்த ஒன்றையாவது ஒழுங்காக முடித்து அவரை அனுப்பிவைக்க வேண்டும். இன்னொரு உண்மையும் உண்டு. இன்னொரு தடவை அந்த மூச்சைக் காதில் கேட்கலாம்.

ஒத்திகையன்று பலகையில் படுத்தாள், கையை நீட்டினாள். ஹெட்போனில் திடீரென்று அவர் குரல் வந்து விழுந்தது. பொக்கை வாயைத் திறப்பதற்குள் பாதி வாக்கியம் போய்விட்டது. மறுபடி போட்டார்கள், மறுபடியும் அதே கதை. மேலே யாரோ, அம்மாவுக்கு வயசாயிடுச்சு என்று முணுமுணுத்தார்கள். விசில் இல்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

அவள் ஒலிப்பதிவுக்காரரைக் கூப்பிட்டாள். நடுவயதுக்காரர், அவரும் பொக்கை பார்த்து வளர்ந்தவர். முகம் மலர ஓடிவந்தார்.

"தம்பி, இதுல சாரோட மூச்சு எங்க?"

"அதை எல்லாம் எடுத்துட்டேன்மா. ஒரு வாரம் உக்காந்து ஒண்ணொண்ணா எடுத்தேன். அந்த இழுப்பைக் கேட்டா அவர் வீட்டுல தாங்க மாட்டாங்களேன்னு."

"எடுக்காதது ஒண்ணு இருக்கும்ல?"

அவர் முகம் மாறியது. சுத்தம் செய்ததை, கணினியில் எடுத்து வைத்திருந்த பிரதியின் மேலேயே பதிந்துவிட்டார். மூல நாடாவோ அந்தப் பிரதி எடுக்க ஓட்டும்போதே அறுந்து பொடியாகிவிட்டது. தப்பா செஞ்சுட்டேனா என்று கேட்டார். அம்மா அப்பா இரண்டு பேருமே வேலைக்குப் போய்விடுகிற வீடாம் அவருடையது. சாப்பிட்டாயா என்று அந்த வயதில் தன்னைக் கேட்டது பொக்கை மட்டும்தான் என்றார். அதற்கு நன்றியாகத்தான் அந்த ஒரு வாரத்தையும் செலவழித்திருக்கிறார். ஆசை ஆசையாகச் செய்தவரை என்ன சொல்லித் திட்டுவது? வலது தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

"விடுப்பா. அந்தக் கேள்விக்கு அப்புறம் இடமே இல்லாம ஒட்டியிருக்கு. அங்கயாவது கொஞ்சம் இடம் விட்டுக் குடு" என்றாள். எவ்வளவு நேரம் என்று அவர் கேட்டதற்குச் சொல்லத் தெரியவில்லை. வெறும் கையைத் தூக்கி, பொக்கை தலையாட்டுகிற மாதிரி ஆட்டிக் காட்டினாள். கை தானாக நிற்கும்வரை அவர் பார்த்து அளந்துகொண்டார்.

கடைசி நாள் அரங்கு நிரம்பியிருந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டு பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் வந்திருந்தார்கள். மேசைக்கடியில் கைக்காரம்மா தன் மூச்சை இழுத்தாள். அவர் எங்கே இழுப்பாரோ அங்கே, அவர் எவ்வளவு இழுப்பாரோ அவ்வளவு. ஒத்திகை முடிந்ததிலிருந்து வீட்டில் அதைத்தான் பழகிக்கொண்டிருந்தாள். குரல் வந்தது, பொக்கையின் வாய் சரியாகத் திறந்தது. மேலே கைதட்டினார்கள்.

"இன்னைக்கு என்ன சாப்பிட்ட, சொல்லு?"

இடைவெளி வந்தது. பொக்கை தலையாட்டத் தொடங்கியது. ஹெட்போனில் பேச்சு மூச்சு இல்லை. முப்பது வருடமாக ஆள் இருந்த இடம் அது. அவள் காத்திருந்து பார்த்தாள். பிறகு, அதுவரைக்கும் ஒருநாளும் செய்யாததைச் செய்தாள். பதில் சொன்னாள், உதடு மட்டும் அசைய.

"காலைல ஒரு டீ. அப்புறம் ஒண்ணும் இறங்கல, சார்."

"அப்படியா! சரி சரி. நாளைக்கும் வந்து சொல்லு, என்ன?"

பொக்கையின் வாயை நேரம் தவறாமல் மூடினாள். விளக்கு அணைந்தது. மேலே நாற்காலிகள் நகர்ந்தன, யார் யாரோ கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள், சிரித்தார்கள். சத்தமெல்லாம் ஓய்ந்து கொஞ்ச நேரம் கழித்து ஒலிப்பதிவுக்காரர் மேசைக்கடியில் குனிந்து பார்த்தார்.

"அம்மா, முடிஞ்சிடுச்சும்மா."

"தெரியும் தம்பி" என்றாள். ஹெட்போனைக் கழற்றவில்லை. கையும் மேலேயே இருந்தது.