மாமா தைத்த சீட் பெல்ட்

என் அக்காவின் கணவர் கார் சீட்டுகளுக்கு உறை தைப்பவர். கடை என்றால் ஒரு ஷட்டர், கனத்த துணி தைக்கும் மெஷின், ரெக்சின் சுருள்கள், வருகிறவர்கள் உட்கார ஒரு பழைய கார் சீட். அவ்வளவுதான். யார் வீட்டுக்குப் போனாலும் சோபாவின் ஓரத்தைத் திருப்பித் தையலைப் பார்ப்பார். "வெளிய சொல்லாதே, இன்னும் ரெண்டு மாசத்துல வாயைப் பொளந்துரும்" என்று என் காதைக் கடிப்பார்.

எங்கள் இரண்டு குடும்பங்களிலும் முதல் பட்டம் என்னுடையது. பேருந்து எட்டிப் பார்க்காத கிராமத்திலிருந்து வந்து இன்ஜினியரிங் முடித்தவன் நான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. மாமாவுக்கு அதைவிடக் கூச்சமில்லை. "மச்சான் இன்ஜினியரு. அடிபட்ட காரைப் பார்த்தே கதையைச் சொல்லிருவான்" என்பார் வாடிக்கையாளர்களிடம். இன்சூரன்ஸுக்காக விபத்து வண்டிகளின் சேதத்தை மதிப்பிடுவது என் வேலை.

அக்காவின் காரில் டிரைவர் பக்கத்து பெல்ட் இழுத்தால் வரும், திரும்பப் போகாது. அக்கா நர்ஸ், நெடுஞ்சாலை வழியாகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அந்த மாடலுக்குப் புது பெல்ட் வருவது நின்றுபோயிருந்தது. பழையது வாங்கும்போது என்னைக் கூப்பிடச் சொல்லியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனால், மெஷினில் பெல்ட் ஓடிக்கொண்டிருக்கிறது.

"வா மாப்ளே! வண்டி உடைக்கிறவன்கிட்ட ஜோடியாவே எடுத்துட்டேன். அதே மாடல், அதே கலர், கிளிப்பும் அதேதான்."

"அதை எதுக்கு மாமா தைக்கிறீங்க?"

"கம்பெனிக்காரன் லட்சணத்தைப் பாரு. கீழ்முனையில ஒரு மடிப்பு வெச்சுத் தச்சிருக்கான். முழுக்கப் பிரிஞ்சு தொங்குது. நம்ம கடையில இப்படித் தச்சா மானம் போயிடும். ரெண்டு ஓட்டு ஓட்டிட்டேன். இனி யானையைக் கட்டி இழுக்கலாம்."

கையில் வாங்கினேன். மாமாவின் புது நூலுக்கு அடியில் அறுந்த பழைய நூலின் பிசிறுகள். சற்று மேலே, கொக்கி நழுவுகிற இடத்தில் பட்டை உருகிப் பளபளத்தது. வேலையில் அந்தப் பளபளப்பை நிறையப் பார்த்திருக்கிறேன்.

"மாமா, இது மட்டமான தையல் இல்ல. பிரியறதுக்காகவே போட்ட தையல். வண்டி மோதினா ஆள் முன்னாடி பாயும். பெல்ட் வெடுக்குனு பிடிச்சா நெஞ்செலும்பு நொறுங்கிடும். இந்த மடிப்பு பிரிஞ்சு கொஞ்சம் விட்டுக்குடுக்கும். இது பிரிஞ்சிருக்குன்னா..."

"பிரிஞ்சிருக்குன்னா?"

"இதை மாட்டிக்கிட்டு ஒருத்தர் உக்காந்திருந்தப்பவே வண்டி மோதியிருக்கு."

மெஷின் மிதியிலிருந்து அவர் கால் தானாக விலகியது.

"ஜோடியில இன்னொண்ணு எங்க மாமா?"

மாமா வாசலைக் காட்டினார். கார் நிற்கிற இடம் காலியாக இருந்தது.

"காலையிலயே மாட்டிட்டேன்டா. அதையும் தச்சு... மூணு ஓட்டு. அவளுக்காச்சேன்னு."

அக்காவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மாமா போட்டார். எடுக்கவில்லை. ஊசியில் நூல் கோக்க மூக்குக்கண்ணாடி தேடாத மனிதர், போனில் எண்ணை அழுத்த முடியாமல் தடுமாறினார். "நானே தச்சு மாட்டியிருக்கேன்டா, நானே" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

கடைசியில் அக்காவே கூப்பிட்டாள். "என்னடா, ஆளாளுக்கு அடிச்சிக்கிட்டே இருக்கீங்க? யாருக்கு என்ன ஆச்சு?"

மாமா போனைப் பிடுங்கினார். "எங்க இருக்கே?"

"ஆஸ்பத்திரி வாசல்ல. இப்பதான் வண்டியை நிறுத்தினேன்."

"வண்டியைத் தொடாதே!"

"ஏன், பாம்பு கீம்பு புகுந்துடுச்சா?"

"பாம்பில்லடி. நான் தச்சேன்."

போனை என் கையில் திணித்துவிட்டு, ஸ்பேனரையும் கத்தரியையும் பையில் போட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த பெல்ட்டைக் கழற்றினோம். அதில் உருகிய இடம் இன்னும் நீளம். ஜோடியைத் தூக்கிக்கொண்டு நேரே வண்டி உடைக்கும் இடத்துக்குப் போனோம். எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்று கேட்டதும் அந்த ஆள் அலட்டிக்கொள்ளாமல் மூலையைக் காட்டினான். இன்ஜின் முன்சீட்டு வரைக்கும் வந்து நின்றிருந்த ஒரு கார்.

மாமா நெடுநேரம் உள்ளே பார்த்தார். "இதுல இருந்தவங்க?"

"எனக்கு வண்டிதாண்ணே வரும். ஆளைப் பத்தி யார் சொல்றா?"

அதே மாடலில், இன்ஜின் பழுதாகி வந்த இன்னொரு கார் நின்றது. எங்கும் அடிபடவில்லை, ஏர்பேக் வெடிக்கவில்லை. கழற்றுவதற்கு முன்பே, வண்டியில் இருக்கும்போதே இரண்டு பெல்ட்டையும் முழு நீளத்துக்கு இழுத்துப் பார்த்தேன். சீராக வந்தது, சீராகப் போனது, வெடுக்கென்று இழுத்தால் பிடித்தது. ஒயர் சொருகும் முனையும் அக்கா காரில் இருந்தது மாதிரியே இருந்தது. மடிப்பு பிரியாமல் இருந்தது. மாமா அந்தத் தையல்மேல் ஒரு விரலை வைத்துவிட்டு, சுட்டதுபோல எடுத்தார். "இதை யாரும் தொட வேண்டாம்."

அந்த இரண்டையும் கழற்றி வாங்கிக்கொண்டு கிளம்பும்போது வண்டி உடைக்கிறவன் கையை நீட்டினான். "அந்தப் பழைய ஜோடியைக் குடுத்துட்டுப் போங்கண்ணே. வேற யாருக்காவது ஆகும்."

"யார் பொண்டாட்டிக்கு ஆகும்?" என்று கேட்டார் மாமா.

பையிலிருந்து கத்தரியை எடுத்து, அங்கேயே ஒரு டயர்மேல் உட்கார்ந்து வெட்ட ஆரம்பித்தார். பட்டை கெட்டி. விரல்கள் சிவந்துபோயின. நான் வாங்கி வெட்டப் பார்த்தேன், கத்தரியைத் தரவில்லை.