கப்பலின் குழந்தைகள் அறை

என் மகனுக்கு நான்கு வயது நடந்துகொண்டிருந்தபோது நாங்கள் கப்பலில் போனோம். மங்கலம் சாலையில் எங்களுக்கு ஒரு பனியன் கம்பெனி இருக்கிறது. என் கணவரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து நடத்துவது. அந்த வருடம் பெரிய ஆர்டர் ஒன்று சிக்கலில்லாமல் வெளிநாட்டுக்கு ஷிப்மெண்ட் ஆகிப் போய்ச் சேர்ந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தில் இரண்டு குடும்பமும் எங்காவது போய்வரலாம் என்று பேச்சு வந்தது. ஊட்டியும் கொடைக்கானலும் போதும் போதும் என்று ஆகிவிட்டது, சென்னையிலிருந்து கிளம்பிக் கடலில் சுற்றிவிட்டுத் திரும்பும் கப்பல் ஒன்று இருக்கிறதாம் என்று கணவரின் அண்ணன் சொன்னார்.

எனக்குக் கடல் மேல் பெரிய ஆசை ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் டிராவல்ஸ்காரர் அனுப்பிய வீடியோவில் ஓர் அறையைக் காட்டினார்கள். பந்துகள் நிறைந்த தொட்டி, முழங்கால் உயர நாற்காலிகள், மஞ்சள் டீ-ஷர்ட் போட்ட பெண்கள் குழந்தைகளின் முகத்தில் புலி மீசை வரைந்துகொண்டிருந்தார்கள். குழந்தையை அங்கே விட்டுவிட்டு அப்பா அம்மா சாப்பிடப் போகலாம், உட்கார்ந்து பேசலாம், தூங்கலாம். அந்த வீடியோவை மட்டும் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். சோறு சூடாக இருக்கும்போதே சாப்பிட்டு எழுந்த நாள் எனக்கு ஞாபகத்திலேயே இல்லை.

என் மகன் பேசமாட்டான். ஒரு வயதில் 'அம்மா' என்றும் 'தண்ணி' என்றும் சொன்னவன்தான். பிறகு அந்த வார்த்தைகள் எங்கே போயின என்று தெரியவில்லை. கூப்பிட்டால் திரும்பமாட்டான். கம்பெனிக்கு அழைத்துப் போனால் வட்டமாகச் சுற்றும் நிட்டிங் மிஷினுக்கு முன்னால் நின்றுவிடுவான். நூல் கோன்கள் மேலே ஆட, துணி கீழே இறங்க, அவன் அசையாமல் பார்த்துக்கொண்டிருப்பான். அங்கிருந்து தூக்கினால் தரையில் தலையை முட்டுவான். இரவில் ஒழுங்காகத் தூங்கமாட்டான். வீட்டில் எல்லோரும் ஆம்பளைப் பிள்ளைகள் மெதுவாகத்தான் பேசும் என்றார்கள். அவனுடைய அப்பாருகூட, அதாவது என் மாமனார், ஐந்து வயதுக்கு மேல்தான் பேசினாராம். நானும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கப்பல் கிளம்பிய மறுநாள் காலை அவனைக் குழந்தைகள் அறைக்கு அழைத்துப் போனோம். கணவரின் அண்ணன் மகள் ஐந்து வயதுக்காரி, முந்தின நாளே அங்கே போய் ஒட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்ற மஞ்சள் டீ-ஷர்ட் பெண் தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. எங்கள் பேச்சைக் கேட்டதும் தமிழில் ஆரம்பித்துவிட்டாள். அவளைப் பார்த்ததும் எனக்குப் பாதிப் பாரம் இறங்கிவிட்டது.

"மூணு வயசு முடிஞ்ச பிள்ளைகள விட்டுட்டுப் போலாம் சார். பாத்ரூம் வந்தாச் சொல்லுவானா? டயப்பர் போடுத பிள்ளைகள நாங்க எடுக்கதில்ல" என்றாள்.

"அதெல்லாஞ் சொல்லுவானுங்க" என்றார் என் கணவர். கிளம்புவதற்கு முன் டயப்பரைக் கழற்றிவிட்டு வெறும் கால்சட்டை மாட்டியதும் அவர்தான்.

அவனுடைய கையில் ஒரு ரப்பர் பட்டையைக் கட்டினார்கள். எங்களிடம் ஒரு சின்ன போனைக் கொடுத்து, தேவைப்பட்டால் அழைப்போம் என்றார்கள். நான் கண்ணாடிக் கதவு வழியாகத் திரும்பிப் பார்த்தேன். அவன் பட்டையைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தான்.

மேல்தளத்தில் நாற்காலியில் உட்கார்ந்தோம். கணவர் இரண்டு டீ வாங்கி வந்தார். கல்யாணமான புதிதில் வெள்ளகோவிலில் ஒரு விசேஷத்துக்குப் போய் வழியில் டீ குடித்ததைப் பற்றி ஏதோ சொன்னார். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். டீயில் பாதி இருக்கும்போது போன் அடித்தது.

நாங்கள் போனபோது அவன் மேஜைக்கு அடியில் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தான். பாட்டுச் சத்தம் தாங்காமல் அங்கே நுழைந்திருக்கிறான். வெளியே இழுக்கப் போன ஒரு வடநாட்டுச் சிறுவனைக் கடித்துவிட்டான். கால்சட்டை நனைந்திருந்தது. அந்தச் சிறுவனின் தாய் அதற்குள் வந்திருந்தாள். கம்பெனி ஆட்களிடம் பேசிப் பழகிய இந்தியில் என் கணவர் அவளிடம் மன்னிப்புக் கேட்டார். கைகூப்பி நின்று அவர் அப்படிப் பேசி நான் பார்த்ததேயில்லை.

தூத்துக்குடிப் பெண் என்னைத் தனியாக அழைத்தாள். "நீங்க கூடவே இருந்தீங்கன்னா வச்சுக்கிடலாம்க்கா. தனியா விட முடியாது. கோவிச்சுக்கிடாதீங்க" என்றாள்.

அன்று மதியம் வரை முழங்கால் உயர நாற்காலி ஒன்றில் நான் உட்கார்ந்திருந்தேன். மற்றக் குழந்தைகளெல்லாம் ஒருவர் தோளை ஒருவர் பிடித்து ரயில் விட்டார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார்கள். மூன்று வயதுப் பிள்ளை ஒன்று கிரையான் வேண்டும் என்று இந்தியில் கேட்டது. என்ன நிறம் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னது. அதுவரை என் மகனை வீட்டில் உள்ளவர்களோடு மட்டுமே வைத்துப் பார்த்திருந்தேன். இத்தனை குழந்தைகளுக்கு நடுவில் அன்றுதான் பார்க்கிறேன். அவன் வாஷ்பேசின் குழாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான். அவனைச் சுற்றி நடப்பது ஒன்றும் அவனுக்கு எட்டவில்லை. பேச்சு மெதுவாக வரும் என்பதெல்லாம் வெறும் பேச்சு என்று அந்த இடத்தில் எனக்குத் தெரிந்துபோயிற்று.

மதியத்துக்கு மேல் வேறு ஒரு பெண் வந்து, சில பெற்றோர் சங்கடப்படுகிறார்கள் என்று ஆங்கிலத்தில் பக்குவமாகச் சொன்னாள். நான் அவனைத் தூக்கிக்கொண்டு நாங்கள் தங்கிய அறைக்கு வந்துவிட்டேன். மீதி நாட்களில் நான் கண்ட கடல் எல்லாம் அந்த அறையின் வட்டக் கண்ணாடி வழியாகத் தெரிந்ததுதான்.

சாப்பாட்டுத் தட்டோடு கணவரின் அண்ணன் மனைவி ஒருமுறை வந்து பார்த்தார். "நீ ரொம்பச் செல்லங் குடுத்துட்டே கண்ணு. எந்நேரமும் இடுப்புலயே வெச்சிருந்தா அப்பறம் அடுத்தவங்ககிட்ட எப்படி ஒட்டும்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. தட்டில் எனக்குப் பிடித்ததாகப் பார்த்துத்தான் எடுத்து வைத்திருந்தார்.

கடைசி நாள் மாலை குழந்தைகளை மேடை ஏற்றி ஆடவைத்தார்கள். கணவரின் அண்ணன் மகள் முகத்தில் பட்டாம்பூச்சி வரைந்துகொண்டு ஆடியதை அவர் போனில் எடுத்துக்கொண்டு வந்து எனக்குக் காட்டினார். மகன் அப்போதுதான் அழுது ஓய்ந்து என் மடியில் படுத்திருந்தான். நான் படத்தைப் பார்க்கவில்லை.

"ஏனுங்க, இவனுக்கு என்னமோ இருக்குதுங்க. டாக்டர்கிட்டக் காட்டோணுமுங்க" என்றேன்.

"ஒண்ணுமில்லாததை நீயா இழுத்து உட்டுக்காதே" என்றார். போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஊர் திரும்பிய பிறகு கோயமுத்தூரில் டாக்டரிடம் காட்டினோம். ஆட்டிசம் என்றார். அந்தச் சொல்லை வீட்டில் யாரிடமும் சொல்லக்கூடாது என்று கணவர் வரும் வழியிலேயே கேட்டுக்கொண்டார். பயிற்சிக்கு அழைத்துப் போனோம். சேர்த்த பள்ளிகளிலிருந்து ஒவ்வொன்றாக அழைப்பு வந்தது. இன்னும் கொஞ்சம் பெரியவன் ஆகட்டும், எங்களிடம் தனி ஆள் இல்லை, வேறு இடம் பாருங்கள். எல்லோரும் மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

வேறு வழியில்லாமல் எங்கள் கம்பெனியிலேயே, தையல் செக்‌ஷன் பெண்களின் குழந்தைகளுக்காக வைத்திருக்கும் அறையில் அவனை விட்டேன். பெரும்பாலும் விருதுநகர், தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள். தொட்டில்கள், பாய், சுவரில் ஒட்டிய மிருகப் படங்கள். பார்த்துக்கொள்ள ஓர் ஆயா. யாரும் என்னை அழைக்கவில்லை, யாரும் குறை சொல்லவில்லை. தைத்து வந்த பனியன்களைச் சரிபார்க்கும் செக்கிங் டேபிளில் நான் மறுபடி நின்று வேலை பார்த்தேன். மதியம் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஒரு வழி கிடைத்துவிட்டது என்றே நம்பினேன்.

பிறகு அந்த அறையில் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் எட்டிப் பார்த்தால் என் மகனும் ஒரு கைக்குழந்தையும்தான் இருந்தார்கள். தையல் பெண் ஒருத்தியிடம் அவள் மகள் எங்கே என்று கேட்டேன். ஊருக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னாள். அந்த வாரமே அவர்கள் குடியிருக்கும், வரிசையாகக் கட்டிய லைன் வீடுகள் பக்கம் போக வேண்டி வந்தது. வெளியே பூட்டிய கதவுக்குப் பின்னால், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஊருக்கு அனுப்பியதாகச் சொன்ன அதே குழந்தை நின்றிருந்தது. உள்ளே இன்னும் இரண்டு பிள்ளைகளின் குரல் கேட்டது.

ஆயாவிடம் கேட்டேன்.

"தம்பி கடிச்சிருதாரும்மா. சின்னப்பிள்ளைக பயப்படுது" என்றாள். பிறகு, "யாரும் ஒண்ணும் சொல்லலம்மா. சொல்லவும் மாட்டாங்க. மொதலாளி வீட்டுப் பிள்ளையில்லா" என்றாள்.

அன்று மாலையே அவனை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். மறுபடி அங்கே அனுப்பவில்லை. அந்தப் பிள்ளைகள் மெல்லத் திரும்பி வந்தார்கள் என்று கணவர் சொன்னார். கப்பலில் இருந்தவர்களால் என்னைப் போகச் சொல்ல முடிந்தது. இங்கே யாராலும் அப்படிச் சொல்ல முடியவில்லை. அதற்குப் பூட்டிய வீட்டுக்குள் கிடந்து விலை கொடுத்தவர்கள் அந்தக் குழந்தைகள். இதை நினைத்தால் இன்றும் எனக்கு யாரிடம் கோபப்படுவது என்று தெரிவதில்லை.

இப்போது அவன் வளர்ந்துவிட்டான். என் தோள் உயரம் வருகிறான். கோபம் வந்தால் என்னால் பிடித்து நிறுத்த முடியவில்லை. கதவுகளுக்கு உயரத்தில் தாழ்ப்பாள் போட்டிருக்கிறோம். கணவரின் அண்ணன் குடும்பம் தனி வீட்டுக்குப் போய்விட்டது. விசேஷங்களுக்குக் கணவர் மட்டும் போய் வருகிறார். நாங்கள் இருவரும் சேர்ந்து வெளியே போய்ப் பல காலம் ஆகிறது.

சில வாரங்களுக்கு முன் ஒரு மாலையில் எனக்குக் காய்ச்சல். கணவர் அவனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். அவன் துப்பத் துப்ப, துடைத்துவிட்டு மறுபடி ஊட்டினார். நான் படுத்தபடியே கேட்டேன், "நமக்கப்புறம் இவன எங்கீங்க உடறது?"

அவர் தட்டிலிருந்த மீதிச் சோற்றை ஒன்றுசேர்த்தார். "தெரியல கண்ணு" என்றார்.

அவன் வாயைக் கழுவிவிட்டு, தாழ்ப்பாளைச் சரிபார்த்துவிட்டு, கம்பெனியில் லாரிக்கு லோடு ஏறுகிறது என்று கிளம்பிப் போனார். எனக்குக் காய்ச்சல் இறங்க இன்னும் இரண்டு நாள் ஆயிற்று.