மூடியில் ஒரு தீக்குச்சி

1. ஆனித் திருவிழாவுக்குக் கொடியேறிய வாரத்தில் சி.டி. பிளேயர் வாங்கினோம். கடையில் இரண்டு இருந்தன. ஒன்று உழைக்கும், மற்றது நன்றாகப் பாடும். பாடுவதை நான் தேர்ந்தெடுத்தேன்.
2. இருபத்தைந்தாவது நாள் அது தாவத் தொடங்கியது.
3. பழுது பார்ப்பதற்காக, மூடி திறந்திருந்தாலும் ஓடும்படி மூடி ஸ்விட்சின் துளையில் ஒரு தீக்குச்சியைச் செருகினேன்.
4. உள்ளே ஒரு சின்னத் திருகைக் கால் சுற்று திருப்பி லேசரின் பலத்தைக் கூட்டினேன்.
5. தாவுவது பாதியாகக் குறைந்தது. இன்னும் வேலை பாக்கி இருக்கிறது என்று தீக்குச்சியை எடுக்காமல் விட்டேன்.
6. அப்பா பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அதற்குள் பார்த்தார். எட்டு நாள் பார்த்தார்.
7. அப்பாவுக்கு ஒரு கண்ணில்தான் பார்வை.

இந்த ஏழையும் ஒரு தாளில் எழுதி மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். பயம் வந்தால் வரிசையாக எழுதிப் பார்ப்பது என் பழக்கம். எழுதியதும் பயம் அளவுக்குள் வந்துவிடும். இந்த முறை ஐந்து வரை ஒழுங்காக வந்தது. ஆறாவதை எழுதும்போது பேனாவை இரண்டு தடவை கீழே வைத்தேன்.

நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். படித்த இடத்திலேயே ஆய்வுக்கூடத்தில் வேலை. ஒவ்வொரு வருடமும் புதிதாக வரும் மாணவிகளுக்கு முதல் நாள் நான்தான் பாதுகாப்பு விதிகளைச் சொல்லுவேன். பாதுகாப்புக்காக வைத்திருக்கும் ஸ்விட்சை ஏமாற்றக் கூடாது என்பது அதில் நான்காவது.

அப்பா பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகும் அவரைத் தேடி ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். ஆற்றங்கரை ஊர்களிலிருந்து பிளாஸ்டிக் பையில் பழைய பத்திரங்களைச் சுற்றிக் கொண்டுவருவார்கள். மை பழுப்பேறி, எழுத்தோடு எழுத்து ஒட்டி, மடிப்பில் கிழிந்த பத்திரங்கள். அப்பா கூடத்து ஜன்னலோரம் உட்கார்ந்து பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்துச் சொல்லுவார். அவருடைய இடது கண் ஒன்பது வயதில் கிட்டிப்புள் பட்டுப் போனது. பார்வை இல்லாத அந்தக் கண்ணை, படிக்கும்போது இன்னும் இடுக்கி மூடிக்கொள்வார். “அதுக்கும் ஒரு சோலி குடுக்கணும்லா” என்பார்.

கடை டவுணில், ரதவீதியில் இருந்தது. சென்னையிலிருந்து அண்ணன் வாங்கி அனுப்பிய நாகஸ்வர சி.டி. தட்டைக் கையோடு கொண்டுபோயிருந்தோம். கடைக்காரர் இரண்டு செட்டையும் மேசையில் வைத்தார்.

“இது கம்பெனி சரக்கு. கீழ விழுந்தாலும் எந்திச்சுப் பாடும். சத்தம் மட்டும் கொஞ்சம் தகரமா இருக்கும். இது நாங்க இங்கனயே கோத்தது. ஆம்ப்ளிஃபயர் நம்ம கைவேல, கேட்டுப் பாருங்க. உள்ள தட்டைச் சுத்துத சாமான் மட்டும் வெளியூர்லேருந்து வருது. அதுக்கு நான் பொறுப்பு சொல்ல மாட்டேன்.”

“ரெண்டுல எது ரிப்பேர் ஆவாது?” என்று அப்பா கேட்டார்.

“எது ஆவாது? மனுசனே ஆவுதான், அண்ணாச்சி.”

கம்பெனி செட்டில் முதலில் போட்டார்கள். நாலு தெரு தள்ளி சாமி புறப்பாடு போவது போல இருந்தது. அதே தட்டை மற்றதில் போட்டதும் அப்பா தலையைச் சாய்த்துக்கொண்டார். நாகஸ்வரத்துக்குத் துணையாக ஊதும் ஒத்தின் ஒரே சுருதி தரையிலிருந்து எழும்பி வந்தது. வாசிக்கிறவர் ஒரு நீளமான பிடியை முடித்துவிட்டு மூச்சை இழுத்தார்.

“ஏளா, மூச்சு எடுக்கது கேக்கு” என்றார் அப்பா. கொஞ்ச நேரம் கழித்து, “ஆனா ஓடணும்லா. கேக்கணும்னா மொதல்ல அது ஓடணும்லா” என்றார்.

“ஓடலைன்னா நான் பாத்துக்கிடுதேன்பா. எனக்குத் தெரியாததா?”

“வீட்டுலயே இன்சினியர் இருக்கும்போது ஒங்களுக்கு என்ன கவலை, அண்ணாச்சி” என்றார் கடைக்காரர். அப்பாவும் சிரித்துவிட்டார். பெட்டியைக் கட்டச் சொன்னேன்.

ஆடி பிறந்த பிறகு, முதல் ஆலாபனையின் ஏழாவது நிமிடத்தில் அது தாவியது. நாகஸ்வரம் ஒரு சுரத்தில் நின்று, விக்கி, நாலு பிடி தள்ளிப் போய் இறங்கும். லென்ஸை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தேன். நிற்கவில்லை. பெட்டியின் மேல் தகட்டில் இருந்த நான்கு ஸ்க்ரூவையும் கழற்றினேன். தட்டு இல்லாமல் பட்டனை அமுக்கினால், தட்டைத் தேடி லென்ஸ் மேலும் கீழும் மூன்று முறை அசையும். அப்போது லேசர் எரியும். மூடி திறந்திருந்தால் எரியக் கூடாது என்றுதான் அந்த ஸ்விட்சை வைத்திருக்கிறார்கள். தீக்குச்சியைச் செருகிவிட்டு, ஒரு முழம் தள்ளி நின்று, சாய்வாகப் பார்த்தேன். மங்கலாகச் சிவப்பு தெரிந்தது. பக்கத்தில் நின்ற அப்பாவிடம், “வெளக்கு எரியுதுப்பா. உசுரு இருக்கு” என்றேன். பிறகு பழைய இடத்தில் பேனாவால் ஒரு அடையாளம் போட்டுவிட்டுத் திருகைத் திருப்பினேன். மறுநாள் வேலைக்குப் போய்விட்டேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அம்மாதான் சொன்னாள். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

“பாட்டு கேக்கணும்னு வாங்கிட்டு, இப்பம் பாட்டைப் பாத்துக்கிட்டுல்லா இருக்காவ ஒங்க அப்பா.”

“என்னத்தப் பாக்காவ?”

“யாரு கண்டா. பத்திரம் படிக்குத கண்ணாடிய வச்சுக்கிட்டு அந்தப் பெட்டிக்குள்ள குனியுதாவ. தெனமும் நீ அங்கன போனதும் இங்கன இதான் சோலி. என்னையும் வந்து பாருன்னு கூப்புடுதாவ. எனக்கு அடுப்புல பால் கெடக்கு.”

அப்பா கூடத்தில் இருந்தார். குரலை மாற்றாமல் கேட்டேன். அவருக்குச் சந்தோஷமாகிவிட்டது.

“நீ சரியா பாக்கல போலிருக்கே. தட்டை எடுத்துட்டு அமுக்குனா, கடுகு மாதிரி செவப்பா ஒண்ணு. ஏறும், எறங்கும். மூணு தடவ. பொறவு அணைஞ்சிரும். தாவும்போதெல்லாம் உசுரு இருக்கான்னு பாத்துக்கிடுவேன்.”

“எவ்வளவு பக்கத்துல வச்சுப் பாத்திய?”

“பத்திரம் பாக்க மாதிரிதான்.” உள்ளங்கையை முகத்துக்கு முன்னால் வைத்து, இடையில் நாலு விரல் இடம் விட்டுக் காட்டினார்.

அந்த லேசரின் வெளிச்சம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. அப்பா பார்த்த கடுகு, அதன் ஓரத்தில் கசியும் கொஞ்சம். கூசும் வெளிச்சம் என்றால் இமை தானாக மூடிக்கொள்ளும். தெரியாத வெளிச்சத்துக்கு இமை மூடாது. பூதக்கண்ணாடி சிதறிப் போகிற ஒளியைக் கூட்டிச் சேர்க்கும். சேர்த்தது விழித்திரையின் நடுவில் விழும். எழுத்துக்களைப் படிக்கிற இடம் அந்த நடுதான். இதையெல்லாம் நான் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். பெட்டியின் பின்புறம் மஞ்சள் ஸ்டிக்கரும் இருந்தது. திறந்து வைத்து, ஸ்விட்சையும் மீறினால் கண்ணுக்குத் தெரியாத கதிர் வரும், பார்க்காதே என்று அதில் சின்ன ஆங்கில எழுத்தில் போட்டிருந்தது. அப்பாவுக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். பெட்டியின் பின்புறத்தைச் சுவரோடு ஒட்டி வைத்தவள் நான்.

தீக்குச்சியைப் பிடுங்கி எடுத்தேன். “இனிமே இத அமுக்க வேண்டாம்பா, கெட்டுப் போயிரும்” என்று மட்டும் சொன்னேன். எது கெட்டுப் போகும் என்று சொல்லவில்லை.

அன்று இரவு தூங்கினேனா என்று நினைவில்லை. காலையில் ஒரு கிராஃப் தாளில் கட்டம் கட்டமாகக் கறுப்பு மையில் கோடு போட்டு, நடுவில் ஒரு புள்ளி வைத்தேன். விழித்திரையின் நடுவில் தழும்பு இருந்தால் நேர்க்கோடு வளைந்து தெரியும், அல்லது ஒரு கட்டம் காணாமல் போகும். ஆய்வுக்கூடத்துக்கு ஒரு சோதனை என்று அப்பாவிடம் பொய் சொன்னேன். புள்ளியையே பாருங்கள், சுற்றி உள்ள கோடெல்லாம் எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள் என்றேன்.

முதல் நாள் நேராக இருக்கிறது என்றார். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் நேரம் எடுத்துக்கொண்டார்.

“இங்கன ஒண்ணு வளையுதே. கீழேருந்து நாலாவது.”

அடுக்களைக்குப் போய் குழாயைத் திறந்து, தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு ஸ்டீல் ஸ்கேலை எடுத்து வந்து, கீழிருந்து நாலாவது கோட்டின் மேல் வைத்தேன். கோடு உண்மையிலேயே வளைந்திருந்தது. போடும்போது ஸ்கேல் நழுவியிருக்கிறது. அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. என் இரண்டு கண்ணுக்கும் அது மூன்று நாளாகத் தெரியவில்லை.

“டிப்ளமோ படிச்சிருக்கே, ஒரு கோடு நேராப் போடத் தெரியல. எங்க ஆபீஸா இருந்தா திருப்பி அனுப்பிருப்பேன்” என்றார் அப்பா.

சிரித்தேன். அவருக்குச் சந்தேகம் வராத அளவுக்குச் சிரித்தேன். ஆனால் பயம் அப்படியே இருந்தது. மற்றவர்கள் ஒரு கண்ணை மூடி மற்றதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அப்பாவுக்கு ஒப்பிட இன்னொரு கண் இல்லை. அந்தக் கண் காட்டுவதுதான் அவருக்கு உலகம். அதில் ஒரு புள்ளி குறைந்தால், அது உலகத்தில் இல்லை என்றுதான் நினைப்பார்.

ஆறாம் நாள் சாயங்காலம் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஒருவர் பத்திரம் கொண்டுவந்தார். அப்பா பிரித்தார், கண்ணாடியை வைத்தார், ஜன்னல் பக்கம் திரும்பினார், மறுபடியும் திரும்பினார். பிறகு மடித்துக் கொடுத்துவிட்டார். “வெளிச்சம் பத்தல வே. நாளைக்குக் காலைல வாரும்.”

அதற்கு முன் அவர் யாரையும் அப்படித் திருப்பி அனுப்பி நான் பார்த்ததில்லை. மறுநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, ஆற்றுப் பாலம் தாண்டிப் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். இந்த வயசுக்கு ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றேன். வந்தார்.

கண்ணின் பாப்பா விரிவதற்கு மருந்து விட்டு, கண்ணை மூடிக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்காரச் சொன்னார்கள். பெஞ்சில் வரிசையாக எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். இருக்கிற அந்த ஒன்றையும் மூடினால் அப்பாவுக்கு எதுவுமே இல்லை. கொஞ்ச நேரத்தில் அவர் கை பெஞ்சில் தடவி என் கையைத் தேடியது.

“ஏளா, இங்கனதான இருக்கே?”

“இருக்கேன்பா.”

மறுபடியும் கேட்டார். மூன்றாவது தடவை கேட்டபோது குரலில் பயம் இருந்தது. அப்பாவின் குரலில் அதை நான் முதல் முறையாகக் கேட்டேன்.

டாக்டர் என்னைவிடப் பத்து வயது மூத்த பெண். என்ன தொந்தரவு என்று கேட்டார். “வெளிச்சம் பத்த மாட்டேங்கு, வேற ஒண்ணுமில்ல” என்றார் அப்பா. அப்போது நான் சொன்னேன். இழுப்பறையில் இருந்த தாளின் வரிசையிலேயே, ஒன்றிலிருந்து ஏழு வரை சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவும் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் அதுதான் முதல் தடவை.

டாக்டர் எவ்வளவு தூரம், ஒரு தடவைக்கு எத்தனை நொடி என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். கருவியில் அப்பாவின் முகவாயை வைக்கச் சொல்லி நெடுநேரம் பார்த்தார். மேலே பார், கீழே பார் என்றார். நான் டாக்டருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

“நடுவுல தழும்பு எதுவும் தெரியல. புரை லேசா ஆரம்பிச்சிருக்கு, வெளிச்சம் பத்தாதது அதனாலதான். அந்த மெஷின்ல வர்றது சின்ன வெளிச்சம். ஆனா நீங்க பலத்தைக் கூட்டி வச்சிருக்கீங்க, இவர் லென்ஸ் வச்சுப் பாத்திருக்கார். அதனால ஒண்ணுமில்லைன்னு நான் எழுதித் தர மாட்டேன். மூணு மாசம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க.”

பஸ்ஸில் அப்பா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பாலத்தில் ஏறியதும் கேட்டார்.

“ஒரு வாரமா கோடு கோடாப் போட்டுக் காட்டுனியே. அது இதுக்குத்தானா?”

“ஆமாப்பா.”

“மொத நாளே சொல்லிருந்தா அன்னைக்கே வந்திருப்போம்லா.”

அவ்வளவுதான் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. பாலத்தின் மறுகோடி வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்த பிறகு, செட்டைக் கடையில் கொடுத்துவிட்டு அந்தக் கம்பெனி செட்டை வாங்கிவிடலாமா என்று கேட்டேன்.

“அதுல மூச்சு கேக்காதுல்லா. இது இருக்கட்டும். நீ கை வைக்காதே, அது போதும்.”

இப்போதைய நிலவரம் இது. திருகைப் பேனா அடையாளத்துக்கே திருப்பிவிட்டேன். நான்கு ஸ்க்ரூவையும் இறுக்கியிருக்கிறேன். மஞ்சள் ஸ்டிக்கர் தெரியும்படி பெட்டியை ஒருக்களித்து வைத்திருக்கிறேன். பாட்டு ஏழாவது நிமிடத்தில் தாவுகிறது. அப்பா ஆறரை நிமிடத்துக்கு எழுந்து வந்து நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து போடுகிறார். பத்திரங்களைக் காலை வெளிச்சத்தில் மட்டும் படிக்கிறார். இதுவரை ஒரு வரியும் தவறவில்லை. அடுத்த பரிசோதனைக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது.