வா என்று அசைத்த கை

1976ஆம் ஆண்டு ஒக்ரோபர் 14, வியாழக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். வெப்பம் ஆறு பாகை. வடமேற்கிலிருந்து பலத்த காற்று. வானம் முழுக்க மேகம், மழை இல்லை. இதை நான் பின்னர் யோசித்து எழுதவில்லை. என் களக் குறிப்புப் புத்தகத்தில் அந்த நிமிடத்துக்குச் சற்று முன்புதான் குறித்திருந்தேன். அந்தப் பக்கத்தில் அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

இடம், ரூஜ் ஆற்றுக்கு அப்பால் ஒரு பழைய விமானத் தளம். உலக யுத்த காலத்தில் பொடியன்களுக்கு விமானம் ஓட்டப் பழக்கிய இடம். யுத்தம் முடிந்து முப்பத்தொரு வருடம். முக்கோணமாகக் கிடந்த மூன்று ஓடுபாதைகளும் வெடித்து, வெடிப்புகளில் புல் முளைத்திருந்தது. சுற்றிலும் மணல் தரை, முழங்கால் உயரப் பற்றை. அதற்குள் சனம் உலாவுவதற்கு நான்கு நடைபாதைகள் போட வேண்டும். பாதைகளை அளந்து கட்டை அடிக்கும் வேலை எங்கள் கொம்பனிக்குக் கிடைத்தது.

நான் யாழ்ப்பாணத்தான். இலங்கையில் நில அளவைக் கந்தோரில் பதினாறு வருடம் படம் வரைந்துவிட்டு, நாற்பத்து நாலாவது வயதில் இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து மோர்னிங்சைட்டில் ஒரு நிலக்கீழ் அறையில் தனியாக இருந்தேன். மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் ஊரில். அவர்களுடைய விசா விண்ணப்பத்துக்குக் கொம்பனியின் வேலைக் கடிதம்தான் முதுகெலும்பு. வேலை போனால் கடிதம் போகும். கடிதம் போனால் அவர்கள் வரமாட்டார்கள். இந்த மூன்று வசனங்களையும் ஒரு நாளைக்கு எத்தனை தரம் எனக்குள் சொல்லியிருப்பேன் என்பதை மட்டும் நான் எண்ணவில்லை.

எங்கள் எஞ்சினியர் ராகவன், மதுரைக்காரர், என்னிலும் பத்து வயது இளையவர். முதல் நாள் வண்டியால் இறங்கியதும், "இது எங்கட ஊர்த் தரவை மாதிரிக் கிடக்கு" என்றேன்.

"தரவையா? நாங்க பொட்டல்னு சொல்லுவோம் சார்."

"தண்ணி ஓடுற கிடங்குகள்தான் எனக்குப் பயம்."

"கிடங்கா? இங்க எங்க சார் கிடங்கு? குடோனா?"

"குழி, தம்பி, குழி!"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓடுபாதைகளின் ஓரமாக மழைநீர் இறங்கும் ஆழக் கிடங்குகள் இருந்தன. இரும்பு மூடிகளை எவனோ கழற்றி விற்றுவிட்டான். பிறகு யாரோ பலகை போட்டு மூட, பலகைக்கு மேல் மணலும் புல்லும் ஏறிவிட்டன. விமானப்படையின் பழைய வரைபடம் ஒன்று எங்களிடம் இருந்தது. ஓரத்தில் இருந்த அட்டவணையின்படி கிடங்குகள் நாற்பத்தொன்று. நாங்கள் கண்டுபிடித்துச் சிவப்புக் கொடி நட்டவை நாற்பது.

நாற்பத்தோராவது எனக்கு நித்திரையைக் கெடுத்தது. ராகவன், "டைப் பண்ணவன் தப்பா அடிச்சிருப்பான், விடுங்க" என்றார்.

அளவுக்கோல் பிடிப்பவர் வோல்ட்டர். அறுபத்தொரு வயது, நீண்ட கால், எந்தக் குளிருக்கும் திறந்த கழுத்து. யுத்த காலத்தில் இதே தளத்தில் விமானங்களுக்குப் பெற்றோல் அடித்தவர். அவரும் மனேச்சரும் மற்ற வெள்ளைக்காரரும் பேசியது இங்கிலிஷ், நான் எழுதுவது எனக்குள் கேட்ட தமிழ்.

"என்ன, இண்டைக்கு முயலையும் எண்ணிப்போட்டியோ?" என்பார் காலையில்.

"முயல் ஏழு. கிடங்குதான் ஒண்டு குறையுது."

"யுத்தம் முழுக்க இந்தத் தரையில நிண்டனான். ஒரு கீறல் படேல்லை. நீ பயப்பிடாதை."

பாதை முடிந்ததும் மனைவியைக் கூட்டிக்கொண்டுவந்து தான் பெற்றோல் அடித்த இடத்தைக் காட்டப்போவதாகச் சொல்வார். அறுபத்தைந்து வயதுவரை அவரைக் கருவிகள் வைக்கும் அறைக்கு மாற்றுவதாகக் கொம்பனி சொல்லியிருந்தது. முழங்கால் வலியோடு இன்னும் நான்கு வருடம் பற்றைக்குள் நடக்க அவரால் இயலாது.

அந்த வியாழக்கிழமை எங்கள் குழுத் தலைவருக்குக் காய்ச்சல். வழக்கமாக அளவுச் சங்கிலி இழுக்கும் என்னை ராகவன் அளவைக் கருவியில் நிறுத்தினார். வோல்ட்டர் முந்நூறு அடி தள்ளி, என்னைப் பார்த்தபடி கோலைப் பிடித்துக்கொண்டு நின்றார். காற்று என் முகத்துக்கு அடித்தது. கத்தினாலும் அவருக்குக் கேட்காது. நான் வாசிப்பைக் குறித்தேன், நேரத்தைக் குறித்தேன், வரைபடத்தை ஒருக்கால் பார்த்தேன்.

தாளின் மடிப்பில் ஒரு கறை. மூன்று கிழமையாக அதைத் தேத்தண்ணிக் கறை என்று நினைத்திருந்தேன். அது கறையல்ல, மடிப்பில் தேய்ந்துபோன ஒரு வட்டம். வோல்ட்டருக்குப் பின்னால், ஐந்தாறு எட்டுக்குள்.

கையை உயர்த்தி அவரைக் கூப்பிட்டேன். நாங்கள் எப்படிக் கூப்பிடுவோமோ அப்படி: உள்ளங்கை நிலம் பார்க்க, விரல்களை மேலும் கீழும் அசைத்து. வாங்கோ, வாங்கோ.

வோல்ட்டர் ஓர் அடி பின்னால் வைத்தார்.

இன்னும் வேகமாக அசைத்தேன். அவர் இன்னும் ஓர் அடி பின்னால் வைத்தார். இரண்டு கையாலும் கூப்பிட்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, கோலைத் தூக்கிக்கொண்டு விறுவிறென்று பின்னால் போனார். ஐந்தாவது அடியில் ஆளைக் காணவில்லை. கோல் மட்டும் புல்லுக்கு மேல் சரிந்து கிடந்தது.

பதின்மூன்று அடி ஆழம். இடுப்பு எலும்பு ஓரிடத்தில், கால் மூன்று இடத்தில் முறிவு.

அன்று பின்னேரமே மனேச்சர் என்னைக் கூப்பிட்டார்.

"அவனைப் பின்னால போகச் சொன்னனியோ?"

"இல்லை. வரச் சொன்னனான்."

"வடிவாத் தெரியுமோ?"

"ஓம்."

'சைகைக்கு மாறாக, பின்னால் பாராமல் நடந்தார்' என்று எழுதினார். நான் கையெழுத்து வைத்தேன். நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

ராகவன் என்னை வண்டியில் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டார். வழியில் சொன்னார்: "வண்டிகிட்ட நின்னு பார்த்தேன் சார். நீங்க கூப்பிட்டது எனக்குப் புரிஞ்சுது. ஏன்னா நான் தமிழன். அவனுக்கு அது 'தள்ளிப் போ, தள்ளிப் போ'ன்னு ஆட்டை வெரட்டற மாதிரி இருந்திருக்கும்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"நாளைக்குப் போய்ச் சொல்லட்டே?"

"உங்க ஃபேமிலி பேப்பர் வரட்டும் சார். அதுவரைக்கும் வாயத் திறக்காதீங்க. நான் எதையும் பார்க்கலை."

ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வோல்ட்டரின் கால் கயிற்றில் தொங்கியது. சுகம் விசாரிக்க விடவில்லை.

"நான் குடிச்சிட்டு நிண்டனான் எண்டு கந்தோரில கதைக்கினமாம். கருவி அறை வேலையும் இல்லையாம், கவனமில்லாத ஆளாம். என்ரை மனிசியும் கேட்டவ, 'குடிச்சனீங்களோ' எண்டு. நீ சொல்லு. நீ என்னைப் போகச் சொன்னனிதானே?"

"இல்லை வோல்ட்டர். வரச் சொன்னனான்."

"காட்டு பாப்பம்."

காட்டினேன்.

"உதுதான்! உதுதான் போ!" தலையணையிலிருந்து எழும்பப் பார்த்தார். பிறகு உள்ளங்கையை மேலே திருப்பி விரலை மடக்கிக் காட்டினார். "இதுதான் வா."

"ஐயோ, எங்கட ஊரில பெரியாக்களை அப்பிடிக் கூப்பிடேலாது. நாயைத்தான் அப்பிடிக் கூப்பிடுவம்."

அவர் சிரித்தார். சிரிக்க இடுப்பு நொந்தது, நோகவும் சிரித்தார். "அப்ப என்னை மரியாதையாத்தான் கிடங்குக்குள்ள அனுப்பியிருக்கிறாய்."

பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, "உதை அவங்களுக்குச் சொல்லு. வேறை ஒண்டும் வேண்டாம்" என்றார்.

"ஓம், சொல்லுறன்."

சொல்லவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் சொல்ல நினைத்தேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அடுத்த கிழமை ஊரிலிருந்து காயிதம் வரும் என்று தள்ளிப்போட்டேன். ஆஸ்பத்திரிக்கும் திரும்பப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

ஜனவரி 3, திங்கட்கிழமை, விசா கிடைத்துவிட்டதாக மனைவியின் தந்தி வந்தது. மறுநாள் காலை பத்திரம் எழுதும் நொத்தாரிசு ஒருவரிடம் போய், நடந்ததையும் என் கை அசைந்த விதத்தையும் சத்தியக் கடதாசியாக எழுதி, ஒரு பிரதியும் எடுத்துக்கொண்டு மனேச்சரிடம் கொடுத்தேன். இரண்டு தரம் வாசித்தார். கையை ஒருக்கால் அசைத்துக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

"வோல்ட்டர் போன வியாழக்கிழமை செத்துப்போனான். இரத்தக் கட்டி. லீவு நாளெண்டபடியா உனக்கு ஆரும் சொல்லேல்லைப் போல."

விழுந்ததிலிருந்து அந்த வியாழன்வரை எழுபத்தேழு நாள். நான் ஐந்து நாள் பிந்திவிட்டேன் என்று முதலில் நினைத்தேன். இல்லை, நான் பிந்தியது எண்பத்திரண்டு நாள்.

"என்னை நிப்பாட்டப் போறியளோ?" என்று கேட்டேன். அதைக் கேட்டதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

"ஏன் நிப்பாட்டோணும்? ஆருக்குத் தெரியும் உங்கட கை வழக்கம்? அண்டைக்கே சொல்லியிருந்தா அண்டைக்கே றிப்போட்டை மாத்தியிருப்பன். அவனுக்கு அந்த அறையும் கிடைச்சிருக்கும். சரி, நாளைக்கு ஏழரைக்கு வா."

பிரதியை வோல்ட்டரின் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவருடைய மனைவி வாசலில் நின்றபடியே வாசித்தார்.

"அப்ப அவர் குடிச்சிருக்கேல்லை?"

"இல்லை அம்மா."

"நான் அவரைக் கேட்டனான்," என்றார். "மூண்டு தரம் கேட்டனான்." பிறகு கதவைச் சாத்தினார்.

அளவை வேலைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இரண்டு. முதல் நாள், கருவியைப் பெட்டியால் எடுப்பதற்கு முன்னர், கோல் பிடிப்பவரோடு எதிரெதிரே நின்று, வா எது, போ எது, நில் எது என்று கையால் காட்டிப் பாருங்கள். வெட்கப்படவேண்டாம். மற்றது, பிழை உங்கள் கையில் என்று தெரிந்தால் அன்று பின்னேரமே சொல்லுங்கள். உண்மையைச் சொல்வதால் என்ன போகும் என்று கணக்குப் பார்த்தபடி இருக்காதீர்கள். நான் பார்த்த கணக்குகளில் அதுதான் மிகப் பெரிய பிழை. வேலை போகும், மனைவி வரமாட்டாள், பிள்ளைகள் தகப்பனில்லாமல் வளரும் என்று கூட்டி வைத்திருந்தேன்.

உண்மையில் போனது இவ்வளவுதான்: சத்தியக் கடதாசிக்கு ஐந்து டொலர், பிரதிக்கு இருபத்தைந்து சதம், பஸ்ஸுக்குப் போகவர ஒரு டொலர். மொத்தம் ஆறு டொலர் இருபத்தைந்து சதம்.